கடைப் பெயருக்கும் பட்டா வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகரில் இரண்டு தலைமுறைகளாகச் செக்கு நல்லெண்ணெயும் இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி வகைகளும் தயாரித்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். அண்மையில் எங்கள் ஊர் வியாபாரிகள் சிலர் கூடியிருந்த இடத்தில், கடையின் பெயரையும் சரக்கின் பெயரையும் வணிக முத்திரையாகப் பதிவு செய்வது பற்றிப் பேச்சு எழுந்தது. கடைத்தெருவில் நாங்கள் அதை டிரேட்மார்க் என்றே சொல்வோம். “இருட்டுக்கடை அல்வா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, முதலில் தொழில் தொடங்கியவனை யாரும் அசைக்க முடியாது, பிறகு எதற்குப் பதிவும் செலவும்?” என்று, நான் பெரிதும் மதிக்கும் மூத்த வியாபாரி ஒருவர் கேட்டார். இருந்தவர்களில் பெரும்பாலோர் அதை ஆமோதித்தார்கள். அந்தத் தீர்ப்பை இவ்வாறு புரிந்துகொண்டு நிம்மதியாக இருப்பது எவ்வளவு பெரிய இழப்பில் கொண்டுபோய் விடும் என்பதை என் குடும்பம் பட்டறிந்திருப்பதால், தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிறு வியாபாரிகளுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த வழக்கைப் பற்றிப் பலருக்கும் முடிவு மட்டுமே தெரிந்திருக்கிறது. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலை வேளையில் மங்கிய விளக்கொளியில் வியாபாரம் நடந்ததால் மக்களே ‘இருட்டுக்கடை’ என்று பெயர் சூட்டிய அந்தக் கடையின் தரப்பினர், ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயரை இன்னொருவர் பயன்படுத்தியதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். இரு தரப்பினரிடமும் பதிவு இருந்தது. 2015ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பதிவு பெற்றவரின் உரிமையைக் காட்டிலும் முந்திப் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது என்று கூறியது. வென்றவர்களும் பதிவு செய்துவைத்திருந்தவர்களே என்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. தமிழ்நாடே அறிந்த ஒரு பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்கு உச்ச நீதிமன்றப் படிக்கட்டு வரை ஏற வேண்டியிருந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஊர் வாயில் நிற்கும் பெயருக்கே அந்த நிலை என்றால், ஒரு மாவட்டத்துக்குள் மட்டும் தெரிந்த நம்முடைய பெயர்களின் கதி என்ன?

நிலத்தை வைத்துச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். நீண்ட காலம் உழுது வருபவனுக்கு அனுபவ பாத்தியதை உண்டு. நீதிமன்றமும் அதை மதிக்கும். ஆனால் பட்டா இல்லாதவன் ஒவ்வொரு முறையும் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்து தன் அனுபவத்தை நிரூபித்தாக வேண்டும். பட்டா உள்ளவன் காகிதத்தை எடுத்து நீட்டினால் போதும், அதைத் தவறென்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு எதிராளியின் தலையில் விழும். வணிக முத்திரைச் சட்டம், 1999, ஏறத்தாழ இதே ஏற்பாட்டைத்தான் பெயர்களுக்குச் செய்திருக்கிறது. பதிவு செய்யப்படாத முத்திரைக்காக உரிமை மீறல் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது அதன் 27ஆம் பிரிவு. பிறர் தம் சரக்கை நம் சரக்கென்று ஏமாற்றி விற்பதற்கு எதிரான ‘பாஸிங் ஆஃப்’ வழக்கு மட்டும் திறந்திருக்கிறது. அதில் வெல்ல வேண்டுமானால் நம் பெயருக்கு மக்களிடம் நன்மதிப்பு இருக்கிறது, எதிராளியின் செயல் அவர்களைத் தவறாக எண்ண வைக்கிறது, அதனால் நமக்கு இழப்பு நேர்கிறது என்ற மூன்றையும் நாமே நிரூபிக்க வேண்டும். பதிவு இருந்தாலோ, அந்தப் பதிவே செல்லுபடியான உரிமைக்கு முதல்நோக்கிலான சான்றாக ஏற்கப்படும் என்று 31ஆம் பிரிவு சொல்கிறது.

இனி எங்கள் அனுபவம். என் தந்தை 1988இல் தொழிலைத் தொடங்கினார். சரக்குக்கு ஒரு பெயர் வைத்து, சிவகாசியில் அச்சடித்த உறைகளில் அடைத்து, சைக்கிளில் கொண்டுபோய்க் கடை கடையாகப் போட்டார். பெயர் மெல்ல நிலைத்தது. தேனி, திண்டுக்கல் வரை பார்சல் போனது. பதிவு என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை. 2018இல் ஒரு நாள் வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று வந்தது. வேறொரு மாவட்டத்து நிறுவனம் எங்கள் பெயரையே, எழுத்து மாறாமல், பொடி வகைகளுக்குப் பதிவு செய்துவிட்டதாகவும், 15 நாள்களுக்குள் நாங்கள் அந்தப் பெயரைக் கைவிட்டுக் கடைகளிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தான் கட்டிக் காத்த பெயரைத் திருட்டுப் பெயர் என்று சொல்லும் காகிதத்தைக் கையில் பிடித்தபடி என் தந்தை திண்ணையில் உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

முந்திப் பயன்படுத்தியவரைப் பின்னால் வந்த பதிவு கட்டுப்படுத்தாது என்று 34ஆம் பிரிவு எங்களுக்குத் துணை நின்றது உண்மை. ஆனால் எதிராளியின் பயன்பாட்டுக்கும் பதிவுக்கும் முன்பிருந்தே நாங்கள் விடாமல் பயன்படுத்தி வந்தோம் என்பதைக் காட்ட வேண்டுமே! கடையை இடம் மாற்றியபோது பழைய பில் புத்தகங்களை எடைக்குப் போட்டிருந்தோம். எஞ்சியவற்றைக் கரையான் தின்றிருந்தது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியவை, உள்ளூர்க் கோயில் ஒன்றின் 1996ஆம் ஆண்டுக் கும்பாபிஷேக மலரில் என் தந்தை கொடுத்திருந்த கால் பக்க விளம்பரமும், வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் தொங்கிய எங்கள் 1999ஆம் ஆண்டு நாள்காட்டியும், தேனி மளிகைக்கடைக்காரர் ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த லாரி பார்சல் ரசீதுகளுமே. அவற்றைத் தேடிச் சேர்க்கவே ஆறு மாதங்கள் ஆயின. நான்கு ஆண்டுகள் கழித்து, எதிர்த் தரப்பு தம் பதிவைக் கைவிட்டு வேறு பெயர் வைத்துக்கொள்ள இணங்கியதால் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் இரண்டு பெரிய அங்காடிகள், வம்பு வேண்டாம் என்று எங்கள் சரக்கை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தன. வழக்குச் செலவு பல லட்சம். இந்தச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது விண்ணப்பக் கட்டணம் 2,500 ரூபாய் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனையைச் சொல்லி முடியாது.

எங்களைப் போன்றவர்கள் பதிவு செய்யாமல் இருப்பதற்குச் சோம்பலைவிட ஒரு தவறான நம்பிக்கையே பெரிய காரணம். ஜிஎஸ்டி எண் வாங்கியாயிற்று, உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்கியாயிற்று, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் சான்றிதழும் இருக்கிறது, எல்லாவற்றிலும் கடையின் பெயர் அச்சாகியிருக்கிறது, ஆகவே பெயர் நம்முடையது என்று நினைத்துவிடுகிறோம். வரி கட்டுவதற்கும் உணவு தயாரிப்பதற்கும் சலுகை பெறுவதற்கும் அளிக்கப்படும் அந்தக் காகிதங்கள் எதுவும் பெயரின் மீது தனியுரிமை தருவதில்லை. கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டவர்களும் இதே மயக்கத்தில் இருக்கிறார்கள். கம்பெனிப் பதிவாளர் ஒரு பெயரை ஏற்றுக்கொண்டதாலேயே அந்தப் பெயரில் எண்ணெய் விற்கும் தனியுரிமை கிடைத்துவிடாது. வலைத்தள முகவரியை விலைக்கு வாங்கியவர்களுக்கும் அப்படியே. மேற்சொன்ன காகிதங்கள் பயன்பாட்டுக்குச் சான்றாக உதவும், அவ்வளவே.

பதிவினால் வரும் நன்மைகளில், சிறு ஊர் வியாபாரிக்கு மிகப் பெரியது என்று நான் கருதுவது வழக்கைத் தொடுக்கும் இடம் பற்றியது. பாஸிங் ஆஃப் வழக்கைப் பொதுவாக எதிராளி இருக்கும் ஊரிலோ ஏமாற்று நடந்த ஊரிலோ தான் தொடுக்க வேண்டும். பதிவு பெற்ற முத்திரைக்கான உரிமை மீறல் வழக்கை, நாம் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்க 134ஆம் பிரிவு வழி செய்கிறது. கடையைப் பூட்டிவிட்டு வாய்தாவுக்கு வாய்தா வெளியூர்ப் பேருந்து ஏறியவனுக்கே இதன் அருமை தெரியும். மேலும், பதிவு இந்தியா முழுவதற்கும் செல்லும். என் சரக்கு இன்று மதுரையைத் தாண்டவில்லை என்றாலும், நாளை பெங்களூரில் ஒருவர் அதே பெயரில் பொடி விற்கத் தொடங்கினால், அங்கே எனக்கு நன்மதிப்பு உண்டா என்ற கேள்வியில் சிக்காமல் அவரைத் தடுக்க இயலும். பின்னால் வரும் ஒருவர் ஒத்த பெயருக்கு விண்ணப்பித்தால், முத்திரைப் பதிவகமே நம் பதிவைச் சுட்டிக்காட்டி அவருக்கு ஆட்சேபம் எழுப்புவதும் வழக்கம். வாசலில் நாமே காவல் நிற்பதோடு பதிவகமும் ஒரு கண் வைத்துக்கொள்ளும் என்றால் அது சிறிய உதவியா? இணைய வழி விற்பனையிலும் இது இன்றியமையாததாகி வருகிறது. அமேசான் போன்ற தளங்களில் ஒரு பெயருக்கு உரியவராகத் தம்மைப் பதிந்துகொள்ள, முத்திரைப் பதிவோ நிலுவையிலுள்ள விண்ணப்பமோ கேட்கப்படுகிறது.

குடும்பத் தொழில்களைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவு பெற்ற முத்திரை ஒரு சொத்து. அதை விற்கலாம், எழுதி வைக்கலாம், கட்டணத்துக்குப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கலாம். கிளை நடத்த ஒருவருக்குப் பெயரைக் கொடுக்கும்போது, தரமும் காலமும் விதித்து எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க இயலும். ஆனால் யார் பெயரில் பதிகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்தின் முத்திரையை, கணினி தெரிந்தவர் என்பதற்காக ஒரு தம்பியின் பெயரில் மட்டும் பதிந்துவிட்டு, பாகப் பிரிவினையின்போது தெருவுக்கு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே பெயரை மூவரும் தனித்தனிக் கடைகளில் மாட்டி, ஒருவர் சரக்கின் குறையால் மூவரும் கெட்டதும் உண்டு. தந்தை இருக்கும்போதே, மனக்கசப்பு வருவதற்கு முன்பே, பெயர் யாருக்கு என்பதை எழுதி முடிப்பது நல்லது.

எந்தப் பெயரையும் பதியலாம் என்று எண்ணிவிடக் கூடாது. சரக்கின் தரத்தையோ வகையையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயர்களை, நீண்ட பயன்பாட்டினால் தனி அடையாளம் பெற்றாலன்றி, 9ஆம் பிரிவு ஏற்பதில்லை. ‘சுத்தமான நல்லெண்ணெய்’ என்பது யாருக்கும் சொந்தமாக முடியாது. ‘இருட்டுக்கடை’ என்ற சொல்லில் அல்வாவைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதுவே அந்தப் பெயரின் வலிமை. 1957இல் திண்டுக்கல்லில் தொடங்கிய பிரியாணிக் கடைக்கு, அதை நிறுவியவர் கட்டியிருந்த தலைப்பாகையே பெயரானது. அந்தத் ‘தலப்பாகட்டி’ என்ற சொல்லிலும் பிரியாணி இல்லை. அதனால்தான் அதை ஒத்த பெயர்களை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காட முடிந்தது. நம் பக்கத்தில் பாதிக் கடைகளுக்குச் சாமி பெயர்களே இருக்கின்றன. பக்தியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலரும் வைத்திருக்கும் சாமி பெயரை ஒருவர் மட்டும் தனக்கே என்று கேட்பது கடினம். ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்டவருக்கு, மறைநூலின் பெயரை அவ்வாறு உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் மறுத்துவிட்டது. ‘விலாஸ்’, ‘பவன்’ போன்ற பொதுச் சொற்களும் அவ்வாறே. புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள், பதாகை அடிக்கும் முன்பே, பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, தனித்து நிற்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் பின்னாள் துயரம் பெரும்பாலும் இராது.

புவிசார் குறியீட்டையும் வணிக முத்திரையையும் ஒன்றாக நினைப்பவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அது அந்தந்த ஊர் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவான உரிமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பால்கோவாக் கடைகளில் ஒன்றின் பெயரை மற்றது எடுத்துக்கொள்வதைப் புவிசார் குறியீடு தடுக்காது.

நடைமுறை, பலர் அஞ்சுவதுபோல் கடினமானதன்று. இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணைய விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் சான்றிதழ் உதவும். பொருள்களும் சேவைகளும் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சமையல் எண்ணெயும் ஊறுகாயும் 29இல் வரும், மசாலாப் பொடி 30இல் வரும், உணவகம் 43இல் வரும். எங்களைப் போல எண்ணெய், பொடி இரண்டும் விற்பவர் இரண்டு வகைக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். வண்ண லேபிளை மட்டும் பதியாமல், பெயரைச் சொல்லாகவே தனியாகப் பதிவது நல்லது என்பது என் கருத்து. உறையின் வடிவமும் நிறமும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாறும், பெயர் மாறாது. முன்பே பயன்படுத்தி வருவதாகச் சொல்பவர் உறுதிமொழிப் பத்திரத்துடன் சான்றுகளையும் இணைக்க வேண்டும். ஆகவே பழைய பில்களை எடைக்குப் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சான்றிதழ் தாமதமாக வந்தாலும், பதிவு விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

விண்ணப்பித்த பின் உறங்கிவிடவும் கூடாது. விண்ணப்பத்தை ஆராய்ந்து பதிவகம் தன் ஆட்சேபங்களைச் சொல்லும் பரிசோதனை அறிக்கை வந்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பதிவகம் வெளியிடும் முத்திரை இதழில் விண்ணப்பம் வெளியான பின் நான்கு மாதங்களுக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு வந்து, அதற்கு இரண்டு மாதங்களுக்குள் நாம் பதில் மனு அளிக்காவிட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். எங்கள் பெயரைப் பிறர் கேட்டு விண்ணப்பித்தது அந்த இதழில் வெளியாகி நான்கு மாதங்கள் கடந்தபோது, அப்படி ஓர் இதழ் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவில்லை. பதிந்துவிட்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், பிறர் அதை நீக்கக் கோரலாம். அதேபோல், பிறர் ஒரு பதிவை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வதை அறிந்தும் ஐந்தாண்டுகள் வாய் மூடி இருந்துவிட்டால், முந்திய உரிமையாளருங்கூட அதைத் தடுக்கும் உரிமையை இழக்க நேரும். பதிவு கிடைக்கும் முன்பே பதிவு பெற்றது என்பதற்கான வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியை உறையில் அச்சடிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும் சிவகாசி, விருதுநகர் அச்சகத்தார் தம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பதிவு இந்திய எல்லையோடு நின்றுவிடும். 2013ஆம் ஆண்டு முதல் இந்தியா, ஒரே விண்ணப்பத்தின் வழியே பல நாடுகளில் முத்திரைப் பாதுகாப்புக் கோர உதவும் பன்னாட்டு உடன்படிக்கையான மாட்ரிட் நெறிமுறையில் உறுப்பாக இருப்பதால், இங்குள்ள விண்ணப்பத்தை அடிப்படையாகக் கொண்டு, நம் பொடிகள் மிகுதியாகச் செல்லும் சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளிலும் இங்கிருந்தபடியே பாதுகாப்புக் கோரலாம்.

அரசுக்கும் தங்களுக்கும் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. முத்திரைப் பதிவுக்கான விண்ணப்பங்களும் கடிதங்களும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தான் இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் உள்ள பெயரைப் பதியவும் அதன் ஒலிபெயர்ப்பும் பொருளும் அந்த மொழிகளில் தரப்பட வேண்டும். தமிழ் மட்டும் படித்த வியாபாரி இதனாலேயே ஒதுங்கிவிடுகிறார், அல்லது தமக்குப் புரியாத காகிதங்களில் பிறர் சொன்ன இடத்தில் கையெழுத்திடுகிறார். தமிழில் எளிய கையேடு ஒன்றை வெளியிடுவதும், உணவு உரிமமோ உத்யம் சான்றிதழோ வாங்க வருபவரிடம் “பெயரைப் பதிந்துவிட்டீர்களா?” என்று கேட்கச் செய்வதும், மாவட்டத் தொழில் மையங்களில் மாதம் ஒரு நாள் இதற்கென முகாம் நடத்துவதும் அரசுக்குப் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில், சட்டம் அறிந்தவர்களைக் கொண்டு வாசகர்களின் முத்திரைப் பதிவு ஐயங்களுக்கு வாரந்தோறும் விடையளிக்க ஏற்பாடு செய்தால், தென் மாவட்ட வியாபாரிகள் அனைவரும் நன்றியுடன் படிப்பார்கள்.

அன்று ஆமோதித்தவர்களில் நால்வர், எங்கள் வழக்குக் காகிதங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு மறுநாளே கடைக்கு வந்தார்கள். அந்தக் கும்பாபிஷேக மலரையும் நாள்காட்டியையும் எடுத்துக் காட்டினேன். அவர்களில் இருவர் இந்த வாரம் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செக்கு எண்ணெய், மசாலாப் பொடி வியாபாரி ஒருவர்,
விருதுநகர்.